அறுபத்தைந்து

பேரணாம்பட்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது
இரவு பதினொன்று பத்து.
தேசம்மா. வயது ஐம்பத்திரண்டு. பீடி சுற்றுகிறவர்.
காலில் கருவேல முள் ஏறி ஒன்பது நாள்.
நெற்றி கொதித்தது. பாதம் சில்லிட்டிருந்தது.
முழங்கால் மேல் ஊதா நிறத்தில்
கிழிந்த வலை ஒன்று படர்ந்திருந்தது.
நகத்தை அழுத்தி விட்டேன்.
சிவப்பு திரும்பி வருவதற்குள்
ஆறு வரை எண்ணிவிட்டேன்.

விரலில் மாட்டிய கிளிப்புக்கு எதுவும் கேட்கவில்லை.
வலது காதுக் கம்மலைக் கழற்றி
மடலில் மாட்டினேன். மெல்ல ஒரு கோடு எழுந்தது.

முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை.
கல்ச்சருக்கு ரத்தம், உடனே ஆன்டிபயாடிக்,
சலைன், மறுபடி சலைன்.
இரண்டரை லிட்டர் உள்ளே போனது.
சிறுநீர்ப் பையில்
மூடி நிறையக்கூட இல்லை.

வெளியே இரும்பு நாற்காலியில் மகன் தாமோதரன்.
"இவ்ளோ தண்ணி ஏத்திகினே கீறீங்க,
எங்க மேடம் போவுது அதெல்லாம்?"
டாக்டர் இவாஞ்சலின் பேனா எடுத்து
கேஸ் ஷீட்டின் பின்பக்கம் ஒரு குழாய் வரைந்தார்,
அதன் சுவரில் சிறுசிறு ஓட்டைகள்.
பாதியிலேயே அவன் தலையாட்டினான்.
"பாலாத்துல மணல் லாரி ஓட்டினவன் மேடம்.
மேல காஞ்சி கெடக்கும்.
ஆளாழம் தோண்டினா தண்ணி.
கீது. ஆனா ஓடாது."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

கழுத்து வழியே நார்அட்ரினலின்.
மணிக்கு மூன்று மில்லி. ஏழு. பன்னிரண்டு.
இது தண்ணீர் இல்லை, பிடி.
தளர்ந்த குழாய்களை ஒவ்வொன்றாய்
இறுக்கிப் பிடிக்கும் பிடி.
மணிக்கட்டு ஊசி காட்டும் சராசரி அழுத்தம்
அறுபத்தைந்தைத் தொட வேண்டும்.
நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று.
ஐம்பத்தாறில் போய் நின்றுகொண்டது,
காட்பாடி மேம்பாலத்தில் மாலை பஸ் மாதிரி.

நாலு மணிக்கு சிரிஞ்ச் தீரும்.
அதை மாற்றுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.
பழையது முடியும் முன்பே
பக்கத்துப் பம்பில் புதியதை ஓடவிட்டு,
இதைக் கூட்டக் கூட்ட அதைக் குறைக்க வேண்டும்,
கண் திரையில், மூச்சு தொண்டையில்.
ஒரு நிமிடம் பிசகினால் எண் முப்பதுக்குச் சரியும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை பிசகினேன்.
அந்த ஆளின் பெயரை
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வாசோபிரசின் சேர்த்தோம். ஸ்டீராய்டு சேர்த்தோம்.
ஐந்து நாற்பதுக்கு அறுபத்தாறு.
ஏழு மணிக்குப் பையில் முப்பது மில்லி,
டிகாக்‌ஷன் நிறத்தில்.
அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை
வீட்டில் சொல்ல முடியுமா?

அறுபத்தைந்துக்கு ஒரு விலை இருக்கிறது.
மூளைக்கும் இதயத்துக்கும் கொடுப்பதை
இந்த மருந்து விரல் நுனிகளில் பிடுங்கும்.
ஐந்தாம் நாள், வலது கையில்
ஆள்காட்டி விரலும் நடுவிரலும்
நுனியில் கரிந்திருந்தன.
ஒரு நாளைக்கு எண்ணூறு பீடி சுருட்டிய விரல்கள்.

எட்டாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தோம்.
அவர் என்னைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.
கட்டைவிரலால் அந்தக் கருப்பைத் தடவி
காற்றில் ஓர் இலையை மடித்தார்,
நூலைச் சுண்டி இழுத்தார்.
"இது உணர்ச்சி இல்லாமக் கீதே."
உதிர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.
பெரிய டாக்டர் வந்து சொல்வார் என்றேன்.

வார்டுக்கு மாற்றும்போது
கவரைப் பிரித்துக் கம்மலை நீட்டினேன்.
வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.
"திருகாணி சின்னது. நீயே போட்டுடு."

மூன்று சுற்று.
காது மடல் சூடாக இருந்தது.